இடது புருவமும் எரிவாயு அடுப்பும்

எஸ்பரன்ஸ்,
ஞாயிறு, சாயங்காலம்

பாசத்துக்குரிய எனிட் அக்காவுக்குத் தம்பி க்ளைவ் எழுதிக்கொள்வது. இங்கே நான், இடது புருவம் நீங்கலாக, சௌக்கியம். அங்கே பல்லாரட் குளிருக்கு அசராமல் நீயும் உன் முழங்கால்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்துவிட்டாய். உன் வீட்டுப் பின்பக்க அறையைக் காலி செய்து வை, நான் வருகிறேன். என் நோரீன் கண்ணை மூடியதிலிருந்து நீயும் போனில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாய், "தனியா இருந்து என்னடா பண்ணப் போற, வீட்டை வித்துட்டு இங்க வந்துடு" என்று. நானும் மழை வரும், காற்று வரும் என்று பேச்சை மாற்றிக்கொண்டே வந்தேன். கடைசியில், "நீயா அடுப்பைப் பத்த வச்சு, ஒரே ஒரு விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டுக் காட்டு, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாய். வானிலை நிலையத்தில் காலமெல்லாம் பலூனுக்கு வாயு நிரப்பி ஆகாயத்துக்கு அனுப்பியவனுக்கு ஒரு கேஸ் பார்பிக்யூ அடுப்பு எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஆனால் உனக்கே தெரியும், எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அடுப்பு முன்னால் இடுக்கியோடு நிற்பார்கள்; எங்கள் வீட்டில் மட்டும் இடுக்கி நோரீன் கையில் இருக்கும், நான் பக்கத்தில் நின்று மேகம் பார்ப்பேன்.

அடுப்பு விற்ற வெய்ன் நல்ல பையன். "அண்ணே, சிலிண்டரைப் படுக்க வைக்காதீங்க. கார்ல பக்கத்து சீட்ல நிமிர்த்தி வச்சு பெல்ட் போட்டு, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்க" என்றான். அப்படியே செய்தேன், நேராக வீட்டுக்குப் போனதைத் தவிர. கடற்கரைச் சாலையில் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால்நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன, தண்ணீர் எது வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஜன்னல் வழியாக உப்புக் காற்று வந்துகொண்டிருந்தது. நோரீனுக்குப் பிறகு அந்த இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அந்த சிலிண்டர்தான். அதனிடம் இரண்டொரு வார்த்தை பேசியும்விட்டேன். அது மறுத்துப் பேசவில்லை, அக்கா, அதனால் இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

விருந்தாளி யார் என்று நீ கேட்பாய். பக்கத்து வீட்டு லோர்னா. சுற்றுலா வண்டிகள் வந்து தங்கும் கேரவன் பார்க் நடத்திக்கொண்டிருந்தாளே, புருஷன் இறந்த பிறகு விற்றுவிட்டு இங்கே குடிவந்தவள். ஒருநாள் துணி காயப்போடும்போது, "வெங்காயம் வதங்குற வாசனை இந்தப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அன்றைக்குத்தான் கடைக்குப் போனேன்.

அடுப்பைப் பூட்டி முடித்தபோது ஆறேழு திருகாணிகள் மிஞ்சின. தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெயில் படாமல் இருக்கட்டும் என்று பின்வாசல் கூரைக்குக் கீழே, நோரீன் நட்ட கொடிக்கு அடியில் அடுப்பை நிறுத்தினேன். சக்கரத்துக்கான திருகாணிகள்தான் அவை என்பது அது நகரும்போது ஒரு பக்கம் மண்டியிட்டதும் தெரிந்தது. வேலிக்கு மேலே லோர்னாவின் தலை தெரிந்தது. "க்ளைவ், வீட்டைக் கொளுத்துறதா இருந்தா தீப்பெட்டியே போதுமே, இவ்வளவு செலவு எதுக்கு?" என்றாள். பிறகு தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, நானும் அவளுமாக அடுப்பைச் சுவருக்கும் கொடிக்கும் எட்டாத சமதரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளும்போது அவள் தோள் என் தோளில் இடித்தது. அதற்காக அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

அதன்பிறகு சிலிண்டரை மாட்டி, வெய்ன் சொன்னபடி இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, அடுப்பின் திருகுகள் மூடியிருக்க சிலிண்டரை மட்டும் திறந்தேன். கசிவு இருந்தால் நுரை கிளம்பும் என்று சொல்லியிருந்தான். கிளம்பியது, அக்கா. முதலில் கடுகளவு, பிறகு நெல்லிக்காய் அளவு, அதில் வானமும் கொடியும் என் மூக்கும் தலைகீழாகத் தெரிந்தன. அதற்குள் இன்னொன்று, அதன் தோளில் மற்றொன்று. அந்தக் காலத்தில் விடியற்காலையில் நாங்கள் விட்ட பலூன்கள் இப்படித்தான் வெள்ளையாக ஊதிப் பெருத்துக் கையை விட்டுப் போய், ஒரு புள்ளியாகும்; அந்தப் புள்ளியும் கண்ணுக்குள்தான் இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்போம். நானும் முழங்காலிட்டபடி அந்த நினைப்பிலேயே போய்விட்டேன்.

"என்ன பாத்துட்டிருக்கீங்க?"

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

"அது அழகில்ல, கேஸ். முதல்ல சிலிண்டரை மூடுங்க."

மூடினேன். இணைப்பைக் கழற்றி, மறுபடி ஒழுங்காக மாட்டி இறுக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினோம். இந்த முறை ஒரு குமிழிகூட வரவில்லை. லோர்னாவுக்குத் திருப்தி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இன்று மத்தியானம் விருந்து. அவள் நீலப் பூப்போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக, ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறித் துண்டங்களோடு வந்தாள். என் பங்குக்கு சாசேஜ், வெங்காயம், ரொட்டி, தக்காளி சாஸ். காற்று அடிக்கிறதே என்று மூடியைத் திறக்காமலே கேஸைத் திறந்து, பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினேன். டிக் என்றது, பற்றவில்லை. இன்னொரு டிக். அப்போது தெற்கே கடல்மேல் தட்டுத்தட்டாக அடுக்கிய ஒரு மேகம், இந்த ஊரில் எப்போதாவதுதான் வரும், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மூன்றாவது டிக் அழுத்தினேன். மூடி தானாகவே திறந்துகொண்டது. பெரிய சத்தம்கூட இல்லை, ஒரு பெரிய மிருகம் கொட்டாவி விட்டதுபோல் 'ஹும்ப்' என்றது. முகத்தில் இளஞ்சூடாக ஏதோ தடவிப் போனது. பிறகு கோழி பொசுக்கிய வாசனை.

லோர்னா குனிந்து கேஸ் திருகு எல்லாவற்றையும் மூடிவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"எத்தனை விரல்?"

அவள் விரல் எதையும் காட்டவில்லை, அக்கா, இரண்டு கையும் என் கன்னத்தில்தான் இருந்தன. "பத்து" என்றேன். சிரித்துவிட்டாள். "ஆயுசு பூரா பலூனுக்கு கேஸ் அடிச்ச மனுஷன் நீங்க. மூடியைத் திறந்து வச்சுட்டுத்தான் பத்த வைக்கணும்னு தெரியாதா? பத்தலைன்னா கேஸை மூடிட்டு, காத்தாட விட்டுட்டு, அப்புறமில்ல முயற்சி பண்ணணும்." பர்னர் குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி ஒன்று வெள்ளைப் பட்டு விரித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அன்று சோதித்த அடுப்பை, அவளை விருந்துக்குக் கூப்பிடும் தைரியம் வரும்வரை சில வாரம் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன், அதற்குள் அது துணிந்துவிட்டது.

சுத்தம் செய்து, மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்ததும் நீலச் சுடர் வரிசையாக எழுந்தது. இதற்குப் பிறகு நடந்தது என் தப்பில்லை. லோர்னாதான், "பசிக்குது, எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க" என்று கொழுப்போடிருந்த துண்டங்களை மொத்தமாகக் கவிழ்த்தாள். கொழுப்பு உருகி வழிந்து கீழ்த்தட்டில் பற்றிக்கொண்டது. மஞ்சள் தீ ஆளுயரம். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். "தண்ணி வேணாம், க்ளைவ், கீழ வைங்க" என்று அதட்டினாள். நான் தண்ணீரை வைத்துவிட்டுச் சிலிண்டரை மூட, அவள் பூந்தொட்டியோரம் இருந்த மணலை வாளியோடு அள்ளிக் கொட்டினாள். தீ அடங்கியது. அவள் தொப்பியின் விளிம்பு பாதி நிலாபோல் கருகியிருந்தது. ஆட்டுக்கறி, சாசேஜ் எல்லாம் மணல்.

தப்பித்தது ஓரத்தில் தனித்தட்டில் வதங்கிக்கொண்டிருந்த வெங்காயமும் ரொட்டியும்தான். கவிழ்த்துப் போட்ட பெட்டிகள்மேல் உட்கார்ந்து அதில் சாஸ் ஊற்றிச் சாப்பிட்டோம். கடல்காற்று இறங்கி வந்தது. கொடியின் நிழல் புல்மேல் மெதுவாக ஏறி எங்கள் காலைத் தொட்டது. ஒரு மேக்பை பறவை தொண்டைக்குள் தண்ணீர் உருட்டுவதுபோல் பாடிக்கொண்டே ரொட்டித்துண்டைத் தூக்கிப் போயிற்று. அப்போது சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைப் பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன், அக்கா. வாயைத் திறந்தேன். "நாளைக்கு மேற்குக் காற்று" என்று வந்தது.

அவள் மடியில் விழுந்த ரொட்டித் துணுக்குகளை உதறினாள். "ஓ" என்றாள். கருகிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, காலித் தட்டோடு போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஆக, விருந்தாளிக்கு வெங்காயம்தான் போட்டேன், அதுவும் அரைவேக்காடு. ஒரு நல்ல பெண்ணின் தொப்பியை எரித்தேன். பேச வேண்டியதையும் பேசவில்லை. இந்த வீட்டை விற்பதுதான் முறை. அடுப்பை வெய்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உன் அறையில் ஜன்னல் வானம் பார்த்து இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன். அடுப்பங்கரைப் பக்கம் வரவும் மாட்டேன். உன் வீட்டுக் கூரைக்கும் முழங்காலுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
க்ளைவ்

பின்குறிப்பு: திங்கள், காலை. தபால் பெட்டிக்குப் போகப் புறப்பட்டவனைப் பின்பக்கம் ஒரு சத்தம் இழுத்தது. போய்ப் பார்த்தால் லோர்னா திருப்புளியோடு வேலிப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். ஆள் நுழையும் அகலத்துக்கு வழி விழுந்துவிட்டது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் சாலட் கிண்ணத்தைத் தூக்கிட்டுத் தெருவைச் சுத்தி வர என்னால முடியாது. பேசத்தான் உனக்கு வரல, பலகை பிடிக்கவாவது வருமா? ஒரு பக்கம் பிடி" என்றாள். பிடித்தேன். மேலே எழுதியிருப்பதில் எதையும் நம்பாதே, அறையையும் தொடாதே. கிறிஸ்துமஸுக்கு நீதான் இங்கே வர வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இதை வேலிமேல் வைத்து ஒற்றைக் கையால் எழுதுகிறேன். மறு கையில் பலகை, அவள் இன்னும் விடச் சொல்லவில்லை.