தர்மாம்பாளின் தொண்டை

தண்ணித்துறை மார்க்கெட்டில் டாக்டர் சுந்தரராமன் தேடித் தேடிச் சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரே, பூச்சிக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்றான் கடைக்கார அம்மாசி.

"பேசாம எடையைப் போடுப்பா!"

காரணம் இருந்தது. சொத்தையைப் பார்த்தால் அவர் மனைவி தர்மாம்பாள் திட்டுவாள். அந்தத் திட்டுக்காகத்தான் மனிதர் தவம் கிடந்தார்.

தொண்டை விஷயத்தில் மயிலாப்பூரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாத்தியாரோ, ஏலம் கூவுகிறவரோ, கதாகாலட்சேபக்காரரோ, யார் வந்தாலும் மூன்றே கேள்விதான். "எத்தனை நாழி பேசறேள்? எவ்வளவு உரக்கப் பேசறேள்? சொன்னதையே எத்தனை தடவை சொல்றேள்?" அப்புறம் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்து, இந்தக் குரல் தாங்கும், இது போய்விடும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான்.

மார்கழியில் தர்மாம்பாளுக்கே தொண்டை கரகரத்தது. பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் அதே கேள்விகளை அவளிடமும் கேட்டார். மூன்றாவதற்கு, "நாலு தடவை. சில நாள் அஞ்சு" என்றாள்.

"ஐயையோ, அதான்டி பெரிய ஆபத்து! மொதல்ல அதை நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

அன்று மூடியது அவள் வாய். தை போய் மாசியும் வந்துவிட்டது. வீட்டில் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் மிச்சம். பேசின நாளெல்லாம் அந்தக் குரலை அவர் சட்டை பண்ணினதே இல்லை. இப்போதோ, வாசலில் செருப்பைக் கழற்றும்போது "ஏன்னா, வந்துட்டேளா?" என்று ஒரே ஒரு தரம் கேட்கமாட்டாளா என்று ஏங்கிப் போனார். அந்த ஒரு 'ஏன்னா'வுக்கு வீட்டையே எழுதி வைத்துவிடுவார்.

"தொண்டை ஆறிடுத்து தர்மு, தாராளமாப் பேசலாம்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

வயிற்றுவலி என்று புரண்டார். பேச்சு வரவில்லை, நிலவேம்புக் கஷாயம் வந்தது. வேளை தவறாமல் வந்தது.

கூடவே முணுமுணுப்பாள் என்று நம்பி, அவளுக்குப் பிடித்த பாட்டுகளோடு கிராமபோன் வாங்கி வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடத்தை அடைத்துக்கொண்டார்கள். டாக்டர் தலை தெரிந்தால் எல்லோரும் கப்சிப். சொந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றார் பாவம்.

கடைசி அஸ்திரம்தான் இந்தக் கத்தரிக்காய். பையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். தர்மாம்பாள் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தாள். உதடு துடித்தது.

'திட்டுடியம்மா, திட்டு' என்று மனசுக்குள் கெஞ்சி, கபாலீசுவரரையும் வேண்டிக்கொண்டார். அவள் பையோடு கொல்லைப்பக்கம் நடந்துவிட்டாள். டாக்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கொல்லையிலிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. "பாரேன் தேவானை, மருந்துக்குக் கூட நல்ல காய் ஒண்ணு இல்லைடி!"

தர்முவின் குரல்! கரகரப்பே இல்லை. வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார் டாக்டர். அவரைக் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு, காயை மாட்டுக்குப் போடக் கிளம்பிவிட்டாள். பாத்திரம் தேய்க்கும் தேவானை மட்டும் இருந்தாள்.

"தேவானை! அவ பேசறாளா? எப்போலேர்ந்து?"

தேவானை விவரமாகச் சொன்னாள். டாக்டரின் கண்ணும் கருத்தும் தர்முவின் முதுகிலேயே இருந்தன.

"என்ன? என்ன சொன்னே?"

தேவானை தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கோசரந்தான் சாமி! அம்மா எங்க எல்லாராண்டயும் பேசிக்கினுதான் கீது. சொன்னதையே நாலு தபா சொல்ல வைக்கிற ஆளு ஒருத்தராண்ட மட்டும் பேசக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாராம்!"