பன்னிரண்டாவது அங்கி

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புறாக்களுக்கு ரொட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் லாண்டிரிக்காரரின் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. அந்த மனிதர் மூன்று வருஷமாக அந்தப் பெஞ்சில்தான் படுக்கிறார். அதில் விசேஷமில்லை. ஆனால் அவர் உடுத்தியிருந்தது பளீரென்ற வெள்ளை அங்கி. ஊதாக் கழுத்துப்பட்டை. சட்டைக்கையில் சின்னச் சிலுவைப் பூவேலை. சபையின் பாடகர் குழு அங்கி! அதை லாண்டிரிக்காரரே மூன்று நாளைக்கு முன்னால் கஞ்சி போட்டு வெளுத்திருந்தார்.

"ஐயையோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்துபோயின.

நடந்தது இதுதான். வீடில்லாமல் தெருவில் படுக்கும் பன்னிரண்டு பேருக்குத் துணி கொடுப்பது என்று பாஸ்டர் ஏற்பாடு செய்தார். சபையார் பை பையாகப் பழைய துணியைக் கொண்டுவந்து லாண்டிரியில் இறக்கினார்கள். வெளுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பது லாண்டிரிக்காரர் பொறுப்பு. பாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தர்மப் பொட்டலம்னு பார்த்தா தெரியக் கூடாது. உங்க கஸ்டமருக்குக் கட்டுற அதே காகிதம், அதே நூல். வாங்குறவங்க மனசு நோகக் கூடாது பாருங்க."

லாண்டிரிக்காரர் சொல் தட்டாதவர். அலமாரியின் மேல்தட்டில் தர்மப் பொட்டலம் பன்னிரண்டு. கீழ்த்தட்டில், ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகைக்காக வெளுத்து, கசங்காமலிருக்கத் தனித்தனியாகக் கட்டிய அங்கிகள் பன்னிரண்டு. எல்லாம் ஒரே காகிதம், ஒரே நூல். எது மேலே, எது கீழே என்று எழுதி வைக்கவில்லையா என்று மனைவி கேட்டதற்கு, "எல்லாம் என் மண்டையில இருக்கு" என்றார். மண்டையில்தான் இருந்தது, தலைகீழாக.

புதன்கிழமை விடிந்ததும் பதினோரு பொட்டலத்தை அவரே கொண்டுபோய், தூங்குகிறவர்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார். ஒன்றை மட்டும் பாஸ்டர், "இது ஒருத்தருக்கு நானே கொடுத்துடறேன்" என்று முதல் நாளே வாங்கிப் போயிருந்தார்.

பெஞ்சில் படுப்பவரைத் தெருவில் எல்லோரும் கர்னல் என்பார்கள். அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. மீசை அப்படி.

"அந்த அங்கி... வந்து... தப்பா வந்துடுச்சுங்க" என்றார் லாண்டிரிக்காரர்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் நீளம். பரவாயில்ல."

"திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"ஆண்டவர் பேரால கொடுத்ததை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" கர்னல் மீசையை நீவினார். "தினம் காலையில போலீஸ்காரர் வந்து பெஞ்சைத் தடியால தட்டுவாரு. இன்னைக்குத் தொப்பியைக் கழட்டி, 'குட்மார்னிங் ஃபாதர்'னாரு. இதைப் போய்க் கழட்டச் சொல்றீங்களே!"

லாண்டிரிக்காரர் யோசிக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி நீட்டினார். கர்னல் அதைத் தடவிப் பார்த்து, உள்பையில் கைவிட்டுப் பார்த்து, சம்மதித்தார். ஒரு அங்கி வந்துவிட்டது. இன்னும் பதினொன்றுதானே என்று லாண்டிரிக்காரர் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

கர்னல் வாயில் எதுவும் தங்காது. வெள்ளை அங்கியைக் கொடுத்தால் நல்ல கோட்டு கிடைக்கும் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் பத்து பேர், பத்து வெள்ளை அங்கியில், வரிசையாக நின்றார்கள். துணி வாங்க வந்த கஸ்டமர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார், "யார் தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. நான்தான் தவறிட்டேன்" என்று அவரை அனுப்பிவைத்தார் லாண்டிரிக்காரர்.

கடையில் இஸ்திரி போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தாள். அவளைப் பற்றி லாண்டிரிக்காரருக்கு ஏகப் பெருமை. அவர் கடை திறக்க எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அவள் அதற்கு முன்னால் வந்து நிற்பாள். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, மேல்தட்டுப் பொட்டலத்தை எல்லாம் இறக்கு. அதுதான் இவங்களுக்கு வந்தது. கொடுத்துட்டா தீர்ந்தது" என்றார்.

பொட்டலங்கள் பிரிந்தன. முழங்கை போன ஸ்வெட்டர். ஜோடியில்லாத காலுறை மூன்று. ஒரு நீச்சல் உடை. எந்தக் கட்சியோ தோற்றுப்போன தேர்தலுக்கு அடித்த பனியன். பேக்கரி வாசலில் படுக்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. நிமிர்ந்து உட்காரும் தோரணையால் அவளுக்கு ராணி என்று பெயர். அவள் தன் பொட்டலத்திலிருந்து ஒரு பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வாசல்தான் இருந்தது.

"இதைக் கொடுத்த புண்ணியவான் இதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடப்பாரா?" என்றாள் ராணி.

பேன்ட் லாண்டிரிக்காரருடையது. துணி கொடுக்கிறோம் என்ற பெருமையில், எதைக் கொடுக்கிறோம் என்று அவர் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"எல்லாரும் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

பத்து பேருக்கு நல்ல துணி வேண்டுமென்றால் சும்மாவா? அவருடைய அலமாரி காலியானது. போதவில்லை. மனைவியின் கம்பளிச் சால்வை இரண்டு போயின. அதுவும் போதவில்லை. விருந்துக்கு வந்து ஒரு மாதமாகத் திரும்பிப் போகாமலிருக்கும் மச்சானின் பெட்டி திறந்தே கிடந்தது. ஆண்டவரே காட்டிய வழி என்று எடுத்துக்கொண்டார்.

மதியம் மச்சான் கேட்டான், "மாமா, என் கோட்டு எங்க?"

"வெளுக்கப் போயிருக்கு."

"பேன்ட்?"

"அதுக்குத் துணையாப் போயிருக்கு."

பதினோரு அங்கிகள் திரும்பி வந்தாயிற்று. ராணிக்கு மனைவியின் சிவப்புச் சால்வை கிடைத்தது. அவள் அதைப் போர்த்திக்கொண்டு நடந்தபோது பேக்கரிக்காரர் எழுந்து நின்றதாகக் கேள்வி. லாண்டிரிக்காரர் அங்கிகளை மறுபடி வெளுத்து, எண்ணி, கழுத்துப்பட்டைகளைப் பார்த்தார். எல்லாம் ஊதா. தங்கக்கரை போட்ட அங்கியைக் காணோம். அது பாடகர் குழுத் தலைவியின் அங்கி. தலைவி வேறு யாருமில்லை, அவருடைய மனைவிதான்.

"என்னங்க, என் அங்கி தங்கக்கரை மங்காம வந்திருக்குல்ல?" என்று அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டாள். "ஏழு வருஷம் கழிச்சுத் தனிப்பாட்டு பாடப் போறேன். போன தடவை பிஷப் வந்தப்போ எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இந்தத் தடவை ஏதாவது ஆச்சு, நான் கொயரை விட்டே நின்னுடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

சனிக்கிழமை காலை பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஐயா, அந்தப் பன்னிரண்டாவது பொட்டலத்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"என் குடும்பமே உடைஞ்சிடும்யா!"

"வாக்குக் கொடுத்திருக்கேன். வீடில்லன்னு வெளியில தெரிஞ்சா அவங்களுக்கு அவமானம். யாருன்னு தெரிஞ்சா நீங்க அவங்களைப் பார்க்கிற பார்வையே மாறிடும்."

"நான் அவங்களைப் பார்த்ததே இல்லையே, பார்வை எப்படி மாறும்?"

பாஸ்டர் கூரையில் ஏதோ ஒட்டடை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். "அது உண்மைதான்" என்றார்.

அன்று முழுக்க லாண்டிரிக்காரர் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். பாலத்தடி, பூங்கா, ரயில் நிலையம் ஒன்றையும் விடவில்லை. படுத்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி, "தங்கக்கரை இருக்கா?" என்று கேட்டார். ரயில் நிலையத்தில் அவர் எழுப்பியவர் வெளியூருக்கு வண்டி மாறக் காத்திருந்த வக்கீல். அவர் வழக்குப் போடுவதாகச் சொன்னார்.

கடைக்குத் திரும்பியபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. இஸ்திரி போடும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அங்கி கிடைச்சப்புறம் சொல்லு தங்கச்சி. ஊர்ல இவ்வளவு கஷ்டப்படுறவங்க இருக்காங்கன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. என் மனசே சரியில்ல."

அவள் இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பினாள்.

ஞாயிறு காலை, ஆராதனைக்கு ஒரு மணி நேரம் இருந்தது. லாண்டிரிக்காரர் கடையில் நின்றுகொண்டிருந்தார். ஆராதனைக்குப் போட அவருக்கு மிச்சமிருந்த ஒரே உடுப்பு, யாருமே வேண்டாமென்று விட்டுப்போன அந்த ஜிப்பில்லாத பேன்ட். மூன்று ஊக்கு குத்தி மானத்தைக் காப்பாற்றியிருந்தார். மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கங்க என் அங்கி?"

"அது வந்து..." என்று லாண்டிரிக்காரர் இழுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வாயைத் திறந்தார்.

"இந்தாங்க அண்ணி" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. இஸ்திரி போடும் பெண் மேஜைமேல் அங்கியை வைத்தாள். ஒரு சுருக்கமில்லை, தங்கக்கரை மின்னியது. மனைவி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புருஷனின் பேன்ட்டைக் கவனிக்காமலே ஓடிப்போனாள்.

லாண்டிரிக்காரருக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"தங்கச்சி! நீ தெய்வம்! எங்க கண்டுபிடிச்ச? நான் ஊரெல்லாம் தேடினேனே! யார் அந்த மகராசன்? உடனே கூட்டிட்டு வா. என் கையால ஒரு புதுக் கோட்டு வாங்கிப் போடணும்!"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கோட்டெல்லாம் வேண்டாம்ணே, பின்கதவுச் சாவி ஒண்ணு கொடுங்க போதும், ஆறு மாசமா நம்ம கடை மாடிப்படிக்குக் கீழதான் படுக்கிறேன், மழை வந்தா சாரல் அடிக்குது."