வேலிக்கு வெளியே ஒரு கோச்

மைதானத்தில் இரண்டு வகை கோச்சுகள் உண்டு. வேலிக்கு உள்ளே விசில் ஊதுகிறவர் ஒருவர். வெளியே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவரின் முறையே சரியில்லை என்று அடித்துச் சொல்கிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவருக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. நெய்வேலியில் எந்த பிளாக்கில் கேட்டாலும் சக்கரபாணியின் குவார்ட்டர்சுக்கு வழி காட்டுவார்கள்.

சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. மகள் இசைப்பிரியா பத்தாவது படிக்கிறாள், வாலிபால் ஆடுகிறாள். எப்படியாவது மாவட்ட அணியில் இடம் பிடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் அவள் போடும் சர்வீஸ் வலையைத் தாண்டினால்தானே!

காலையில் சொல்லித்தருகிறவர் ராஜேந்திரன் சார். பந்தை மேலே போடுவது மட்டும் ஒரு வாரம், கையை மடக்கி இழுப்பது மட்டும் மறு வாரம். மாலையில் சரிதா மேடம். "மொதல்ல ஆடுங்க, தப்பு தானா தெரியும்" என்பது அவர் கட்சி. எது சிறந்தது? சக்கரபாணி ஒப்பிட்டுப் பார்க்க இறங்கினார். முதல் ஷிப்ட் வாரத்தில் அவருக்கு மாலை ஓய்வு, ஆகவே மகள் மேடத்திடம். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் காலை ஓய்வு, ஆகவே சாரிடம். நைட் ஷிப்ட் வந்தாலோ இருவரிடமும்! அப்பா கண்ணால் பார்க்காத பயிற்சி, பயிற்சியா என்ன?

"பிரியா, கைய மடக்கு! ஐயய்யோ, அது காலையில சொன்னது! இப்ப ஓங்கி அடி!"

பந்து வலையில் விழும். உடனே பக்கத்தில் நிற்கும் சிங்காரவேலிடம் திரும்புவார்.

"மேடம் சும்மா ஆட வுட்டுக்கினு இருக்காங்க. பேசிக்கே இல்லைங்க."

அடுத்த வாரம் அதே சிங்காரவேலிடம், "சார் பேசிக்கையே புடிச்சிக்கினு தொங்குறாரு. எப்பங்க ஆடுறது?" என்பார். சிங்காரவேல் இரண்டுக்கும் தலையாட்டுவார். அவர் மகனும் உள்ளே இருந்தான். அவரிடமும் சொந்தமாக ஒரு பயிற்சி முறை கைவசம் இருந்தது.

மாவட்ட அணித் தேர்வு நெருங்கும் நேரத்தில், ஷிப்டில் பாதிப் பேர் மாலை போட்டு மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். சக்கரபாணிக்கு டபுள் டூட்டி. வேலிப் பக்கம் தலைகாட்டவே முடியவில்லை. தேர்வன்றும் சுரங்கத்தில்தான் இருந்தார். வீடு திரும்பியபோது மகள் வாசலிலேயே நின்றாள்.

"செலக்ட் ஆயிட்டேம்பா! சர்வீஸ் எல்லாமே தாண்டிடுச்சு!"

சந்தோஷத்தில் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். துடைத்த கை காய்வதற்குள் கேட்டார்:

"எந்த முறைம்மா? சாரா, மேடமா?"

"யாராயிருந்தா என்னாப்பா? ஒருத்தர்கிட்டயே இருந்தேன். மாத்தி வுட நீங்கதான் இல்லையே."

சக்கரபாணி அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அது சரி, அவள் யாரிடம் இருந்தாள் என்கிறீர்களா? அதைச் சொல்வதாக இல்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு மனசு அரிக்கிறதென்றால், தாராளமாக வாருங்கள். சக்கரபாணிக்கும் சிங்காரவேலுக்கும் நடுவில் இன்னொருவர் கம்பியைப் பிடிக்க இடம் இருக்கிறது.