மாமனார் டிவியில் வந்த நாள்

மாமனார் வீட்டில் டிவி ரிமோட்டைத் தொட எனக்கு இப்போது அனுமதி இல்லை. யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் சோபாவில் உட்கார்ந்ததும் அது ஃபிரிட்ஜ் மேல் போய்விடும், அவ்வளவுதான்.

நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். (பழுதான இயந்திரம் என்னைக் கண்டாலே ஓடத் தொடங்கிவிடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.) மாமனாருக்குக் காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு. கிருஷ்ணகிரியில் நடந்த மாம்பழப் போட்டியில் அவர் பழத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் மைக்கை நீட்ட, அவரும் பேசியிருக்கிறார். பதற்றத்தில் என்ன பேசினோம் என்றே நினைவில்லையாம். சனிக்கிழமை ஏழு மணிச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே பெரிய டிவி வாங்கி, எங்களையும் அழைத்திருந்தார்.

ஆறரைக்கே சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். (டிவி பார்க்க.)

"புது டிவிதான் மாப்ள. ஆனா நம்பர் அமுக்குனா, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாத்தான் சேனல் மாறுது" என்றார்.

அவர் குறைதான் சொன்னார், உதவி கேட்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து முறை சேனல் மாற்றினேன். சராசரி நான்கு விநாடி. அதைத் துண்டுத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன் (தொழிற்சாலைப் பழக்கம்). கேபிளைக் கழற்றி ஊதினேன். மாற்றமில்லை.

"சாஃப்ட்வேர் பிரச்சனை மாமா. ரீசெட் பண்ணா சரியாயிடும். அஞ்சு நிமிஷம்."

"செய்தி முடியட்டுமேங்க" என்றாள் மனைவி.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்று அழுத்தினேன்.

டிவி இருண்டு, மீண்டும் எழுந்து, மொழியைக் கேட்டது. நாட்டைக் கேட்டது. வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்ததும், தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாகவும், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்றும் அறிவித்தது. ஏழு மணிக்கு நாற்பத்தொரு சதவீதம்.

மாமியார் மெல்லச் சொன்னார்: "எதிர்வீட்ல போயி பாத்துட்டு வந்துருங்களேன்."

"மாப்ள இங்க வேலை செய்யறாரு. நான் அங்க போயி டிவி பாத்தா அவருக்கு என்ன மரியாதை?"

மாமனார் அசையவில்லை. நால்வரும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழு பத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வந்தார். "நல்லா பேசுனீங்கண்ணா."

"என்ன சொன்னேன்?" என்று கேட்டார் மாமனார்.

"மாம்பழத்தப் பத்தித்தான்" என்றார் அவர். செல்போனில் ஒரு படமும் எடுத்திருந்தார். அதில் மாமனாரின் வாய் திறந்திருந்தது. (செய்தியை மறுபடி போடமாட்டார்களாம். கேட்டுப் பார்த்தேன்.)

ஏழரைக்கு டிவி உயிர்பெற்றது. நம்பரை அழுத்தினேன். அதே நான்கு விநாடி. மாமியார் ரிமோட்டை வாங்கி, நம்பர் போட்டு, கூடவே ஓகேயை அமுக்கினார். சேனல் உடனே மாறியது.

"இல்லனா இன்னொரு நம்பர் வருமான்னு அது காத்துக்கிட்டு நிக்கும் மாப்ள."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"இவருகிட்ட சொன்னேன், கேக்கல. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? மெஷின் வேலை பாக்கறவங்க."

இப்போதும் தோப்புக்கு யார் வந்தாலும், தான் டிவியில் வந்ததை மாமனார் சொல்வார். என்ன பேசினீர்கள் என்று அவர்கள் கேட்டதும் என்னைக் கைகாட்டுவார்.

"மாப்ளயக் கேளுங்க. அன்னிக்கு டிவிக்கு ரொம்பக் கிட்ட இருந்தது அவருதான்."