சிவசைலம் பிள்ளை தின்ற வைட்டமின்

ஆனி பிறந்து மலைமேல் மேகம் இறங்கிய அன்று, தென்காசி சிவசைலம் பிள்ளை மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இந்தச் சாரல் காலம் முடிவதற்குள் தன் தலையில் முடி முளைத்தாக வேண்டும். முளைக்காவிட்டால்? அதை நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

அவர் தலை நடுவில் சுத்தமான பொட்டல். இடது காதுக்கு மேலே மட்டும் ஆண்டவன் கொஞ்சம் விட்டுவைத்திருந்தான். அதை முழ நீளம் வளர்த்து, எண்ணெய் தடவி, வலது காதுவரை இழுத்து ஒட்டிவிடுவார். காற்றடித்தால் கையால் பொத்திக்கொள்வார். அருவியில் எதை வைத்துப் பொத்துவது?

அதனால்தான் குற்றாலம் போவது நின்றுபோயிற்று. மச்சில் ஏறினால் அருவி மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அவர் மனைவி குழல்வாய்மொழி சாரல் முழுக்க அங்கேதான் நிற்பாள். கேட்டால் வடகம் காயப்போட வந்தேன் என்பாள். சாரலில் எந்த வடகம் காயும்? மகள் வடகரையில், மகன் பம்பாயில். அவளும் வேறு யாரிடம் சொல்வாள்?

"ஏங்க, குற்றாலத்து அம்மன் பேரை வச்சுக்கிட்டு, அங்கன போயி அவ முகத்தைப் பார்த்து எத்தனை வருசமாச்சு. ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

"கூட்டம் நெரிக்கும்டி."

"போன வருசம் சளின்னீய."

"அது போன வருசம்."

அருவியில் குளிக்காமல் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே அம்மனும் பாவம், காத்திருந்தாள்.

பிள்ளைக்கு மட்டும் ஆசை இல்லையா? கல்யாணமான புதிதில், அருவிக்குப் புறப்படுமுன் அவரை மணையில் உட்கார்த்தி, அடர்ந்த முடிக்குள் விரல் விட்டு அவள் எண்ணெய் தேய்ப்பாள். இப்போதெல்லாம் சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தை முற்றத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். முடி இருந்தால்தானே விரலுக்கு வேலை என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார்.

கம்பவுண்டர் பீர் மைதீன் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். தலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

"வைட்டமின் குறைச்சல்வே. முருங்கைக்கீரை, கருவேப்பிலை, எள்ளு, நெல்லிக்காய். அப்புறம் முட்டை."

"முட்டையா! நான் சைவம்லா!"

"தலை கேக்குது. வயித்துக்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு?"

கீரைக்கு வீட்டில் ஒரு தந்திரம் செய்தார்.

"ஏட்டி, உனக்கு ரத்தம் போதாதாம். தினமும் முருங்கைக்கீரை திங்கணும்னு பீர் மைதீன் சொல்லுதான்."

"என்னைப் பார்க்காமலேயா சொன்னாரு?"

"கெட்டிக்காரன்!"

"அப்போ நீங்க எதுக்கு மூணு கரண்டி போட்டுக்கிடுதீய?"

"உனக்குத் துணைக்கு."

முட்டைக்கு பீர் மைதீன் வீடு. அவர் மனைவி நூர்நிஷா அவித்துக் கொடுப்பாள். பிள்ளை கண்ணை மூடி 'சிவ சிவா' என்று விழுங்கி, வெற்றிலை போட்டு வாசனையை மறைத்துக்கொண்டு வீடு வந்து சேருவார். நூர்நிஷாவும் குழல்வாய்மொழியும் ஒரே பூக்காரியிடம் நின்று பேசிப் பேசிப் பிச்சிப்பூ வாங்குகிறவர்கள் என்பது இரண்டு ஆண்களுக்கும் நினைவில் இல்லை.

ஆடியும் கழிந்தது. குழல்வாய்மொழியின் பின்னல் தடித்து இடுப்பைத் தாண்டியது. பிள்ளைக்குத் தொந்திதான் வளர்ந்தது. ஒருநாள் கண்ணாடியில் உச்சந்தலையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. உடம்பெல்லாம் புல்லரிக்க மெதுவாகத் தொட்டார். அது பறந்துபோயிற்று.

"சாரல் முடியப் போகுதே, பீர் மைதீன்!" பிள்ளை தலையைக் குனிந்து காட்டினார்.

பீர் மைதீன் கூரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவர்போலச் சொன்னார்: "வைட்டமின் உள்ள போயிட்டு. ஆனா தூங்குது. அருவித் தண்ணி அடிச்சாத்தான் முழிக்கும். அதுக்கு முன்ன எண்ணெய் தேய்க்கணும். குற்றாலத்துல காசுக்குத் தேய்க்குதானே, அவன் கை ஆகாது. கட்டினவ கைதான். வாரத்துக்கு ஒருக்க."

மறுநாள் விடிந்ததும் பிள்ளை எண்ணெய்க் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றார்.

"மொழி… கொஞ்சம் தேச்சு விடுதியா? குற்றாலத்துக்குப் போலாம்னு பார்த்தேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மணையை இழுத்துப் போட்டாள். ஒட்டிவைத்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, வெறும் தலையில் உள்ளங்கையை வைத்தாள். பழைய கைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்.

பேரருவி முழ முடியை அவிழ்த்துத் தோளில் தொங்கவிட்டது. பயந்து பயந்து கண்ணைத் திறந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தலைமேல் அவரவர் அருவி. பெண்கள் பக்கமிருந்து குழல்வாய்மொழி கூந்தலைப் பிழிந்துகொண்டே வந்தாள். கல்யாணமான வருசத்து முகம். ஈரம் சொட்ட இருவரும் அம்மன் முன்னால் நின்றார்கள். பிள்ளை முடி கேட்க மறந்துபோனார்.

திரும்பும் குதிரைவண்டியில் தொண்டையைச் செருமிக்கொண்டார். தலை காற்றில் வெறுமனே இருந்தது, பொத்தவில்லை.

"இது வைத்தியம் பார்த்துக்கோ. வாரத்துக்கு ஒருக்க வரணும்னு பீர் மைதீன் கண்டிப்பாச் சொல்லிட்டான்."

குழல்வாய்மொழி சட்டென்று திரும்பினாள்.

"ஒருக்கவா? ரெண்டு தடவைன்னுல்லா நான் சொல்லச் சொன்னேன்!"