ஆடு இல்லாத வீட்டில் ஆட்டு வாடை

பிரீஸ்லாந்து,
வெள்ளி இரவு

மதிப்புக்குரிய இயற்கைப் பக்க ஆசிரியர் ஹன்னெக்கே அம்மையாருக்கு,

வணக்கம். நீங்களும் அலுவலகத்தில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அச்சில் போட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பா உங்கள் பத்திரிகையை மரண அறிவிப்பு வரை விடாமல் படிப்பவர்.

எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு விஷயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நான் ஆட்டு அந்துப்பூச்சியைத் தேர்ந்தெடுத்தேன். வாய்க்கால் ஓரத்து வில்லோ மரத்தடியில் அதன் புழு ஊர்ந்துகொண்டிருந்தது. என் நடுவிரலைவிட நீளம், முதுகு காய்ந்த ரத்தத்தின் நிறம், தலை கறுப்பு, வாடை அசல் கிடாய் வாடை. நாலு வருடம் மரத்துக்குள்ளேயே மரத்தைத் தின்று வளர்ந்து, இலையுதிர்காலத்தில் வெளியே வந்து கூடு கட்ட இடம் தேடுமாம். ஜூனில் மரப்பட்டைத் துண்டு மாதிரி சாம்பல் நிறப் பூச்சியாக வருமாம். பூச்சியானபின் எதுவுமே தின்னாதாம். நான் புழுவை ஒரு பெட்டியில் வைத்தேன். மரப்பெட்டி. மறுநாள் பெட்டியில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தது, புழு இல்லை. அப்பா பழைய நாற்காலிகளைப் பழுதுபார்ப்பவர், வீடு முழுக்க ஊராருடைய நாற்காலிகள். தினமும் ஒவ்வொரு காலிலும் காதை வைத்துக் கேட்கிறேன்.

போன ஞாயிறன்று அப்பாவின் பிறந்தநாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக்கோடு காபி குடித்துக்கொண்டிருந்தபோது டிட்ஸ்கே அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டாள்.

“என்ன ரீன்ட்ஸ், வீட்டுக்குள்ள ஆடு கட்டியிருக்கியா?”

அப்பா பக்கத்து வீட்டு சீபே மாமாவைப் பார்த்தார். “ஏன்யா, என் பொறந்தநாளுக்காவது குளிச்சுட்டு வரக்கூடாதா?”

“நான் குளிச்சுட்டேன். மேயர்தான் குளிக்கல.”

மேயர் அவருடைய கிடா. எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவர் போன பிறகும் வாடை போகவில்லை. மேயர்தான் சமையலறை வழியாக வந்து போகிறது என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். அப்புறம் தினமும் வேலியோரச் சண்டை. இன்று மாலை சீபே மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஒரு ஆட்டுக்காக இருபது வருஷப் பழக்கத்தை விட முடியாதுப்பா. காலைல ஏழு மணிக்குக் கசாப்புக்காரன் வண்டி வருது. ஏத்தி விட்டுடறேன்.”

அவர் தனி ஆள். மேயருக்கு ரொட்டிகூட அவருடைய தட்டிலிருந்துதான். உண்மையைச் சொன்னால் மரம் தின்னும் புழு இருக்கிற வீட்டுக்கு இனி யார் நாற்காலி அனுப்புவார்கள்? சொல்லாவிட்டால் மேயர் செத்துவிடும். அந்தப் புழுவை வெளியே வரவழைக்க ஏதாவது வழி இருந்தால் ஏழு மணிக்குள் எழுதுங்கள்.

உங்கள் தோட்டத்தில் எல்லாப் பூச்சிகளும் தழைக்கட்டும்.

பயத்துடனும் மரியாதையுடனும்,
விட்ஸ்கே (வயது 11)

பி.கு.: இந்தக் கடிதம் உங்களுக்குத் திங்கட்கிழமைதான் வந்து சேரும் என்பது இப்போதுதான் உறைத்தது. அதனால் பதில் வேண்டாம். நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். காலையில் சொல்கிறேன். இல்லை, காலையில் வண்டி வந்துவிடும், இப்போதே

கதவு தட்டுகிறது. அப்பா.

“விட்ஸ்கே, தூங்குற மாதிரி நடிக்காத. கதவைத் திற. மாடிப்படி வரைக்கும் நாறுது. அந்த ஆட்டை உன் ரூம்லயா ஒளிச்சு வச்சிருக்க?”

ஆடு இல்லை என்று சொன்னால், பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்பார். கேட்கட்டும், கதவைத் திறக்கிறேன்.