“எப்போ கிளம்புறீங்க?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நான்கு பேரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கிறவரைப் பற்றி அவர் காதுபடவே பேசுவது மரியாதையா, நீங்களே சொல்லுங்கள். அதனால் வேலையிடத்தில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டீ நேரத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் கறை இருந்தால் அது கிரீஸ். நான் அழவில்லை.

எல்லாம் உங்கள் தங்கையின் நல்ல குணத்தால் வந்த வினை. எங்கள் வீடு ஏழாவது மாடி. மாடியில் இரண்டே கதவு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று நேர் எதிரே. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் இந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்கைகூட எங்களிடம் பேசவில்லை. லிஃப்ட்டில் ஏறினால் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது வாய் கொடுக்காவிட்டால் உங்கள் தங்கைக்குச் சோறு இறங்காது, உங்களுக்குத் தெரியாததா? எதிர்க் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. நாங்கள் கடந்து போகும்போதெல்லாம் அது வெளிச்சமாக இருந்து சட்டென்று இருளும். “யாரோ நின்னு பாக்குறாங்க, பாவம், கூச்சம் போல” என்றாள் இவள். ஒரு நாள் அந்தத் துளைக்கு நேரே போய் நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, நம் பாஷையிலேயே, “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. கூச்சப்படாதீங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். இதை நாம் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்போம் மச்சான்! யாராவது வந்தார்களா? சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அது சும்மா வாய்வார்த்தை. இங்கே அது தெரியாத யாரோ ஒருவர் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையின் நான்காவது நாற்காலி வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது. உள்ளே தள்ளினேன். மாலையில் வந்து பார்த்தால் மறுபடி வெளியே. அப்புறம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மூன்றுக்குப் பதில் நான்கு ஆயின. அப்புறம் குளியலறை. சனிக்கிழமை காலை பத்து மணி. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் இருக்கிறோம், குளியலறை உள்ளே தாழிட்டிருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. தோளில் துண்டோடு இருபது நிமிஷம் நின்றேன். யாருமில்லாத குளியலறை வாசலில் நின்று, “கொஞ்சம் சீக்கிரம்ங்க” என்று கெஞ்சிய ஒரே குடும்பத் தலைவன் நானாகத்தான் இருப்பேன். கதவு திறந்தது. உள்ளே ஆள் இல்லை, ஆவி மட்டும் இருந்தது. வெந்நீரின் ஆவியைச் சொல்கிறேன், நீங்கள் பதற வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று கட்டடத்தைப் பராமரிக்கும் பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் சாவிக்கொத்தை எடுத்து அந்தக் கதவைத் திறந்து காட்டினார். கதவுக்குப் பின்னால் செங்கல் சுவர். மேலிருந்து கீழ்வரை பூசாத சுவர், ஒரு கை நுழைய இடமில்லை. முன்பு இரண்டும் சேர்ந்து ஒரே வீடாக இருந்ததாம். பிறகு தடுத்து, இந்தப் பக்கத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம்; கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். “அப்போ அங்கிருந்து யார் பாக்குறாங்க?” என்று கைஜாடையில் கேட்டேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நான் பதினெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன். கண்ணை நம்பாவிட்டாலும் எடைக்கருவியை நம்புகிறவன். எங்கள் கட்டட லிஃப்ட் தினமும் மாலை ஐந்தரைக்கு யாரும் பொத்தான் அழுத்தாமல் ஏழாவது மாடிக்கு வந்து நின்று கதவைத் திறக்கும். லிஃப்ட்டின் பொத்தான் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஒயரில் குறையில்லை, சென்சாரில் குறையில்லை. ஆனால் காலி லிஃப்ட் காட்டிய எடை அறுபத்திரண்டு கிலோ. என் கண் முன்னாலேயே அது பூஜ்யத்துக்கு இறங்கியது. அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே போய் உங்கள் தங்கையிடம் சொன்னேன். “அறுபத்திரண்டுதானா? சரியா சாப்பிடறதில்ல போல” என்று கவலைப்பட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. நீங்கள் ‘வானொலி’ என்று பெயர் வைத்த உங்கள் மருமகள், தூக்கத்தில்கூட வாய் மூடாத ஏழு வயதுப் பெண், இங்கே வந்ததிலிருந்து பேசுவதில்லை. நான்கு மாதம், மச்சான். எங்களிடமும் இல்லை, பள்ளியிலும் இல்லை. தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். டீச்சர் கூப்பிட்டு, “வற்புறுத்தாதீங்க, தானா வரும்” என்றார். இதை போனில் உங்களிடம் மறைத்தோம், மன்னியுங்கள். குழந்தை தூங்குகிறாள், விளையாடப் போயிருக்கிறாள் என்று பொய் சொன்னோம். போன வாரம் அவள் அறைக் கதவுக்கு வெளியே அவள் குரலைக் கேட்டேன். மடமடவென்று, பழையபடி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்துகிறாள், யாரோ பதில் சொல்வது போல. பிறகு சிரிக்கிறாள். கதவைத் திறந்தேன். பேச்சு நின்றுவிட்டது. கட்டிலின் மறுமுனை மட்டும் ஒருவர் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. என் மகளின் குரலை நான் ஒட்டுக்கேட்டுத்தானா கேட்க வேண்டும்?

அவரைக் கிளப்ப என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். ஆணா பெண்ணா தெரியாததால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். காலிக் கூடத்தைப் பார்த்து, “ரொம்ப நாளாச்சே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?” என்றேன். “அடுத்த மாசம் நாங்க ஊருக்குப் போனாலும் போவோம்” என்று சத்தமாகப் பேசினேன். மறுநாள் அலமாரி மேலிருந்த எங்கள் பெட்டிகள் மூன்றும் கீழே இறங்கி, தூசி தட்டி, வாசலருகே வரிசையாக நின்றன. எங்கள் செருப்புகள் மாட்ட வசதியாக வெளியே பார்த்துத் திரும்பியிருந்தன. வந்த இடத்தில் இவ்வளவு ஒத்தாசை செய்கிற மனிதரை எப்படி வாய் திறந்து போகச் சொல்வது? உங்கள் தங்கையிடம் சொன்னால், “இந்த ஊர்ல நம்ம வீட்டைத் தேடி வந்தது அவங்க ஒருத்தர்தாங்க. அவங்களையும் விரட்டணுமா?” என்று கண்கலங்குகிறாள்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் விருந்தாளியின் முகத்துக்கு நேரே, “எப்போ கிளம்புறீங்க?” என்று கேட்கும் தைரியம் உங்கள் ஒருவருக்குத்தான் உண்டு. புதுமாப்பிள்ளையாக உங்கள் வீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த என்னிடமே, “பஸ் எத்தனை மணிக்கு மாப்ளே?” என்று கேட்டவர் நீங்கள். அன்று வெறுத்தேன். இன்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வாருங்கள். நம் மொழி அவருக்கு நன்றாகவே புரிகிறது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் போய்விட்டால், பேச வேறு ஆளில்லாமல் குழந்தை எங்களிடம் வருவாள். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்கும்போதுதான் பேனா நிற்கிறது.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி; நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், முக்கியமாக நன்றாகப் பேசட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: வீட்டுக்கு வந்து கடிதத்தை உறையில் போடும்போது வானொலி பக்கத்தில் வந்து நின்றாள். “யாருக்குப்பா லெட்டர்?” என்றாள். மச்சான், வாய் திறந்து கேட்டாள்! கையிலிருந்த உறையைக் கிழித்துவிட்டேன். மாமாவுக்கு, நம் வீட்டு விருந்தாளியைப் போகச் சொல்ல வரும்படி எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். “அவங்களும் அதேதான்பா எழுதியிருக்காங்க, அவங்க அண்ணனுக்கு. விருந்தாளியா வந்த நம்மகிட்ட கிளம்புங்கன்னு நேரா எப்படிச் சொல்றதுன்னு தெரியலையாம். பெட்டிய எல்லாம்கூட எடுத்து வெச்சுப் பாத்தாங்களாம், உங்களுக்குப் புரியலையாம்.” ஏன் இத்தனை நாள் அப்பாவோடு பேசவில்லை என்று மட்டும் கேட்டேன். “அடுத்தவங்க இடத்துக்குப் போறோம், சத்தம் காட்டாம இருக்கணும்னு நீங்கதானே பிளேன்ல சொன்னீங்க? நான் பேசினா நம்மள அனுப்பிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. அவங்களே வந்து கேட்டதாலதான் அவங்ககிட்ட மட்டும் பேசினேன். எப்படியும் அனுப்பத்தான் போறாங்களாம், அதான் இப்ப பேசறேன்” என்றாள். சொன்னேன் மச்சான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டு வந்தவளிடம் நான்தான் சொன்னேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இந்தக் கறை கிரீஸ் இல்லை.

அந்த அண்ணன் நாளைக்கு வருகிறாராம். உங்கள் தங்கை அவருக்கும் சேர்த்து அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். விருந்தாளியாக வந்த இடத்துக்கு இன்னொரு விருந்தாளியைக் கூப்பிடுவது முறையில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது.